போர்க்கால வானொலியில் நகையும் நடுக்கமும்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தபோது நகைக்கே முதலிடம் தந்தார். அந்நகை தோன்றும் களங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினையும் சுட்டினார். இவற்றுள் பேதைமைக்கும் மடனுக்கும் வேறுபாடு யாது என்று வகுப்பில் மாணவர் வினவுவதுண்டு. பேதைமை அறியாமை, மடனோ, பிறர் புகட்டியதைப் பற்றிக்கொண்டு, பொருந்தாத இடத்திலும் அதனை விடாது நிற்றல் என்று உரையாசிரியர் வழிநின்று விளக்குவோம். விளக்கியபின் எடுத்துக்காட்டுத் தேடவேண்டியிருக்கும். அத்தகைய எடுத்துக்காட்டுகள் மண்டிக் கிடக்கும் ஓரிடத்தை இக்கட்டுரை காட்ட முயல்கிறது. அது இரண்டாம் உலகப் போர்க்காலத்து வானொலி நிலையம்.

குண்டு விழும் காலத்தில் நகைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். எழுத்தாளர், இசைவாணர், பேராசிரியர், பொறியாளர் எனத் தத்தம் போக்கில் வாழ்ந்தவர்களை ஓர் அறைக்குள் அடைத்து, கடிகாரத்தையும் அரசாணையையும் தணிக்கையையும் அவர்களுக்குக் காவல் வைத்தால் என்ன நிகழும்? சிறு பிழையும் அங்கே பெருநகைப்பாகும். அந்நகைப்பின் அடியில் நடுக்கம் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். அந்நடுக்கத்தை மறந்துவிட்டு நகையை மட்டும் சொன்னால் அது வெறுந்துணுக்காய்ப் போய்விடும்.

கைக்குழந்தையும் பெரும்போரும்

நம் நாட்டு வானொலி அன்று உண்மையிலேயே கைக்குழந்தை. சென்னையில் சி.வி.கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் 1924-இல் வானொலிக் கழகம் ஒன்று தோன்றி, பொருள் முட்டுப்பாட்டால் 1927-இல் ஓய்ந்தது. பின்னர் 1930-இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்று, கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்து மாலைக் காற்று வாங்க வந்தவர்களுக்கு இசை கேட்பித்தது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் எழும்பூரில் 1938 ஜூன் 16 அன்றும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 மே 16 அன்றும் தொடங்கப்பெற்றன. 1939 செப்டம்பர் 3 அன்று பிரிட்டன் போர் அறிவித்தபோது சென்னை நிலையத்துக்கு வயது பதினைந்து மாதம் நிரம்பவில்லை. திருச்சிக்கு நான்கு மாதம்கூட ஆகவில்லை. தொல்காப்பியர் கூறிய 'இளமை' இதைவிட வேறென்ன?

பெயர் வைத்த கதையே நகைக்குரியது. இலண்டனிலிருந்து 1935-இல் ஒலிபரப்புத் துறைத் தலைவராக வந்த லயனல் ஃபீல்டனுக்கு 'இந்திய அரசு ஒலிபரப்புப் பணி' என்ற நீண்ட பெயர் பிடிக்கவில்லை. தலைமைச் செயலகமோ அதனை மாற்ற இசையவில்லை. விருந்து ஒன்றில் வைசிராய் லின்லித்கோ பிரபுவை ஒரு மூலையில் பிடித்துக்கொண்டு, பொருத்தமான பெயர் கிடைக்காமல் தவிப்பவர்போல் ஃபீல்டன் பேச்சைத் திருப்பியதாகவும், வைசிராய் தாமே 'ஆல் இந்தியா' என்று எடுத்துக்கொடுத்ததாகவும், பின்னாளில் தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். தாமே கண்டுபிடித்த பெயர் என்று வைசிராய் மகிழ, 1936 ஜூனில் 'ஆல் இந்தியா ரேடியோ' வழக்கிற்கு வந்தது. அதன் முதலெழுத்துகள் சேர்ந்து ஆங்கிலத்தில் 'காற்று' என்று பொருள்தருவது ஃபீல்டனுக்குப் பெருமகிழ்ச்சி.

இன்றைய மாணவர்க்கு ஒன்றை விளக்கவேண்டும். ஒலிநாடா நம் நிலையங்களுக்கு வந்தது போருக்குப் பின்னரே. இன்றியமையாத சிலவற்றை மட்டும் இசைத்தட்டில் பதிவு செய்வர். ஏனைய அனைத்தும் நேரடி ஒலிபரப்பு. சிவப்பு விளக்கு எரிந்தால் சொன்னது சொன்னதுதான். எழுதியதை அடிக்கலாம், அச்சிட்டதற்குப் பிழைதிருத்தம் போடலாம், காற்றில் விட்ட சொல்லை மீட்க வழியில்லை. நாடகத்தில் அரசர் இருமினால் நாடே அந்த இருமலைக் கேட்கும். தாளைப் புரட்டும் ஓசை ஒலிவாங்கியின் வாயில் புயலாகும். இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளத் தக்கவை. போர்க்காலத்தில் பொறுக்க முடியாதது மௌனமே. அரை நிமிடம் ஓசை நின்றால், நிலையத்தின்மேல் குண்டு விழுந்துவிட்டதோ என்று கேட்போர் கலங்குவர்.

அவ்வாறு உண்மையிலேயே குண்டு விழுந்ததும் உண்டு. 1940 அக்டோபர் 15 இரவு இலண்டன் பி.பி.சி. கட்டடத்தில் குண்டு வெடித்து எழுவர் மாண்டனர். அப்போது ஒன்பது மணிச் செய்தியை வாசித்துக்கொண்டிருந்த புரூஸ் பெல்ஃப்ரேஜ் ஒரு கணம் நிறுத்தி, தாளின்மேல் படிந்த தூசியைப் போக்கிவிட்டுத் தொடர்ந்து வாசித்தார். கேட்டவர்களுக்கு மெல்லிய 'தொம்' என்ற ஓசை மட்டுமே கேட்டது.

நாவும் நகரப் பெயர்களும்

போர்க்காலத்தில் தில்லியிலிருந்து தமிழிலும் செய்தி வாசித்தனர். ஆங்கிலத்தில் வந்த தந்திச் செய்தியைச் சில நிமிடங்களில் தமிழாக்கி, உடனே வாசிக்கவேண்டும். செய்தித்தாளில் ஓர் அயற்பெயர் வந்தால் வாசகரின் கண் அதைத் தாண்டிச் சென்றுவிடும்; வானொலியில் அறிவிப்பாளரின் நா அதைத் தாண்ட முடியாது. தமிழில் மொழிக்கு முதலில் மெய்யெழுத்து வாராது என்பது இலக்கணம். போரோ 1941-இல் ஸ்மொலென்ஸ்கிலும், 1942-இல் ஸ்டாலின்கிராடிலும், அடுத்த ஆண்டு த்னீப்பர் ஆற்றங்கரையிலும் நடந்தது. இலக்கணம் ஒரு சிறிதும் அறியாத போர்! ஹிட்லரின் படைகள் த்னீப்ரோபெட்ரோவ்ஸ்க் நகரைப் பிடித்த செய்தியைப் பிசகின்றி வாசித்த தமிழரின் துணிவுக்கு எந்த அரசும் பதக்கம் தந்ததில்லை.

சொல்லாக்கத்திலும் இதே இடர். விளக்கணைப்பு 'இருட்டடிப்பு' ஆயிற்று. நல்ல சொல், இன்றும் வேறு பொருளில் வாழ்கிறது. ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் ஆகியவற்றை 'அச்சு நாடுகள்' என்றனர். வண்டியின் அச்சைக் கருதியே அவ்வாறு பெயர்த்தனர். ஆயின் தமிழில் அச்சு என்றால் அச்சுக்கூடமும் நினைவுக்கு வரும். மூன்று நாடுகளும் சேர்ந்து புத்தகம் போடுகின்றன போலும் என்று எந்தக் கிழவராவது எண்ணியிருந்தால் அது அவர் பிழையன்று.

இவ்வளவும் நகைதான். ஆனால் 1942 ஏப்ரலை நினைவுகூர்க. அம்மாதம் 5-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அடுத்தது சென்னை என்ற பேச்சுக் கிளம்பி, மக்கள் பெருந்திரளாக ஊரைவிட்டு உள்நாட்டுக்கு ஓடினர். அரசு அலுவலகங்களும் இடம் பெயர்ந்தன. அந்நாளில் அறிவிப்பாளர் ஒருவர் ஊர்ப்பெயரை மாற்றிச் சொல்லியிருந்தால் எத்தனை குடும்பங்கள் மூட்டை கட்டியிருக்கும்! ஒலிவாங்கியின் முன் அமர்ந்தவருக்கு நா உலர்ந்ததில் வியப்பில்லை.

நாடு கடத்தப்பட்ட ஆர்மோனியம்

மடனுக்கு ஒரு தூய எடுத்துக்காட்டு வேண்டுமெனில், 1940 மார்ச் 1 அன்று அகில இந்திய வானொலியிலிருந்து ஆர்மோனியம் விலக்கப்பட்டதைக் கூறலாம். ஐரோப்பா தீப்பற்றி எரிந்துகொண்டிருந்த வேளையில் நம் நிலையங்கள் ஓர் இசைக்கருவியின்மேல் போர் தொடுத்தன.

தடைக்குக் காரணம் இல்லாமலில்லை. ஆர்மோனியத்தின் சுரங்கள் கட்டைகளில் கட்டுண்டவை. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லுதல், அசைத்தல் முதலான கமகங்கள் அதில் எழா. தில்லி நிலையத்தில் மேலையிசைப் பொறுப்பில் இருந்த ஜான் ஃபோல்ட்ஸ் என்னும் ஆங்கிலேயர் இதனைக் கடுமையாக எழுதினார். தாகூரும் அக்கருவியை வெறுத்தவர். இசையறிஞர் கூற்றில் நியாயம் உண்டு என்றே நானும் கருதுகிறேன். ஆனால் நம் நாடகமேடையையும் பாட்டுக் கச்சேரியையும் எண்ணிப் பாருங்கள். மேடைக்கு முன்னே அமர்ந்து, நடிகர் சுருதி தவறினால் இழுத்துப் பிடித்து, வசனம் மறந்தால் ஒரு மெட்டு வாசித்துக் காப்பாற்றியவர் ஆர்மோனியக்காரர். அவர் வானொலி நிலையத்தின் வாசலில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே போகலாம் என்பது விதி. ஃபீல்டன் 1940-இல் இந்தியாவை விட்டுச் சென்றார், போர் முடிந்தது, ஆங்கிலேயரும் சென்றனர், தடை மட்டும் செல்லவில்லை. 1971-ஆம் ஆண்டளவில்தான் அதுவும் ஓரளவே தளர்ந்தது. ஒருவர் புகட்டியதைப் பிறர் முப்பதாண்டுகள் விடாது பற்றிநின்றது உரையாசிரியர் விளக்கத்திற்கு எவ்வளவு பொருத்தம்!

தணிக்கையும் தமிழும்

போர்க்கால இலண்டனில் பேச்சாளர் ஒவ்வொருவர்க்கும் எழுத்துப்படி முன்கூட்டியே தணிக்கையாகும். ஒலிபரப்பின்போது அப்படியைக் கையில் வைத்துக்கொண்டு, விசைமேல் விரல் வைத்தவாறு ஓர் அலுவலர் அமர்ந்திருப்பார். எழுதாத சொல் ஒன்று வந்தால் விசையைத் தட்டி ஒலியை அறுத்துவிடுவார். இந்த எச்சரிக்கை ஒருமுறை குயிலினத்துக்கு ஒப்பான பறவையின் பாட்டையும் அறுத்தது. இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து நைட்டிங்கேல் பறவையின் பாட்டை ஆண்டுதோறும் நேரடியாக ஒலிபரப்புவது பி.பி.சி.யின் வழக்கம். 1942 மே 19 இரவு பறவை பாடத் தொடங்கியபோது, ஏறத்தாழ இருநூறு குண்டுவீச்சு விமானங்கள் ஜெர்மனியின் மன்ஹைம் நகர்நோக்கி அத்தோட்டத்தின்மேல் பறந்து வந்தன. இவ்வோசை காற்றில் சென்றால் பகைவர் விழித்துக்கொள்வர் என்று உணர்ந்த பொறியாளர் ஒலிபரப்பை உடனே நிறுத்தினார். பறவை நிறுத்தவில்லை. இசைத்தட்டில் பதிவும் நிற்கவில்லை. பாட்டும் இரைச்சலும் கலந்த அப்பதிவு இன்றும் உள்ளது; கேட்டால் நகை தோன்றாது.

பகைவர் பி.பி.சி. அறிவிப்பாளர்போல் குரல் மாற்றிப் பொய்ச்செய்தி வாசிக்கக்கூடும் என்ற அச்சத்தால், 1940 முதல் அறிவிப்பாளர் தம் பெயரைச் சொல்லும் முறை வந்தது. 1941-இல் வடபுலப் பேச்சு வழக்குடைய வில்ஃப்ரெட் பிக்கிள்ஸ் என்பாரைச் செய்தி வாசிக்க அமர்த்தினர். அவ்வழக்கை ஜெர்மானியர் போலச்செய்தல் அரிது என்பதும் ஒரு கணிப்பு. ஜெர்மானியர் என்ன நினைத்தனரோ, ஆங்கிலேயர் பலர் வெகுண்டனர். செய்தியைத் திருநெல்வேலித் தமிழில் வாசித்தால் சென்னையிலிருந்து கடிதம் பறக்குமே, அதுபோல!

அதே பி.பி.சி.யில் 1941 மே 3 அன்று தமிழ் ஒலிபரப்புத் தொடங்கியது. பிற்காலத்தில் அதற்குத் 'தமிழோசை' என்று பெயர் சூட்டியவர் யாழ்ப்பாணத்துச் சோ.சிவபாதசுந்தரம். அவர் எழுதிய 'ஒலிபரப்புக் கலை' என்னும் நூல் தமிழ் மாணவர் கற்கவேண்டியது. போர்க்காலத்தில் இந்தியப் பகுதிக்கு நிகழ்ச்சி அமைப்பாளராயிருந்தவர் சுல்ஃபிகார் அலி புகாரி. 1941 ஆகஸ்டு முதல் 1943 நவம்பர் வரை அப்பகுதியில் பணியாற்றியவர்களுள் ஒருவர் ஜார்ஜ் ஆர்வெல். ஆம், 'விலங்குப் பண்ணை' எழுதிய அதே ஆர்வெல்தான். அவர் ஆங்கிலத்தில் எழுதிய போர்ச் செய்திமடல்கள் குஜராத்தி, மராத்தி, வங்காளி முதலியவற்றோடு தமிழிலும் பெயர்க்கப்பட்டு வாசிக்கப்பட்டன. தமிழ் உரைநடை வரலாறு எழுதுவோர் இதனை ஓர் அடிக்குறிப்பாகவேனும் சேர்க்கலாம்.

1942 முதல் அவர்கள் அலுவலகம் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் முன்பு பெரிய துணிக்கடையாயிருந்த கட்டடத்தில் இயங்கியது. மெல்லிய தடுப்புகளால் பிரித்த சிற்றறைகள். ஒரு மொழியில் ஒருவர் உரத்துப் படித்தால் அடுத்த மொழிக்காரர்க்கும் கேட்கும். இந்தியக் கல்லூரி மாணவர்க்கென்று டி.எஸ்.எலியட் போன்றாரை அழைத்துக் கவிதை பற்றிப் பேச வைத்தனர். அப்பேச்சைக் கேட்டவர் எத்தனை பேர் என்ற ஐயம் ஆர்வெலை அரித்தது. பயன் விளையாத பணியில் தம் காலமும் மக்கள் பணமும் வீணாவதாகக் கருதியே 1943 செப்டம்பரில் விலகல் கடிதம் கொடுத்தார். அவர் குரல் பதிவான ஒரு தட்டும் எஞ்சவில்லை. இரண்டாண்டு ஒலிவாங்கியின் முன் வாழ்ந்தவர் எப்படிப் பேசினார் என்பதை இனி எவரும் அறிய இயலாது.

இரு புகாரிகளும் ஒரு தட்டச்சுப் பொறியும்

மேற்சொன்ன சுல்ஃபிகார் புகாரியின் தமையனார் அகமது ஷா புகாரி, லாகூர் அரசுக் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியர். 'பத்ரஸ்' என்ற புனைபெயரில் அவர் எழுதிய நகைச்சுவைக் கட்டுரைகள் உருதுமொழியின் செல்வம். ஃபீல்டனுக்குப் பின் அகில இந்திய வானொலியின் தலைமை இவரிடம் வந்தது. ஒரு பெரும்போர் நடக்கையில் ஒரு பேரரசின் வானொலிக்கு நகைச்சுவை எழுத்தாளர் தலைவர்! அண்ணன் தில்லியில், தம்பி இலண்டனில் என்ற நிலையில், பி.பி.சி. என்பதற்குப் 'புகாரி சகோதரர்கள் கார்ப்பரேஷன்' என்று விரிவு சொல்லித் தில்லியில் நகைத்தனர். எள்ளல் எனப்படுவது இதுவே. தமையனார் பின்னாளில் ஐக்கிய நாடுகள் அவையில் பாகிஸ்தானின் பேராளரானார். தம்பி பாகிஸ்தான் வானொலியின் முதல் தலைவரானார். நகைச்சுவையாளர்களை எளிதாக எடைபோட்டுவிடக் கூடாது.

பத்ரஸ் காலத்துத் தில்லி நிலையத்தில் கிருஷன் சந்தர், உபேந்திரநாத் அஷ்க், நூன் மீம் ராஷித், சாதத் ஹசன் மண்ட்டோ ஆகியோர் ஒரே கூரையின்கீழ் இருந்தனர். இத்தனை எழுத்தாளர் ஒரே அலுவலகத்தில் இருந்தால் அலுவலகம் என்னாகும் என்பதை நம் தமிழ்த்துறையினர் நன்கறிவர். மண்ட்டோ 1941-இல் சேர்ந்து ஏறத்தாழ ஒன்றரையாண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதிக் குவித்தார். அவரிடம் ஓர் உருதுத் தட்டச்சுப் பொறி இருந்தது. பிறர் மையைத் தொட்டுச் சிந்தித்துக்கொண்டிருக்க, இவர் பொறியின்முன் அமர்ந்து நாடகத்தை நேரே தட்டி முடித்துவிடுவார். அஷ்கிற்கும் அவர்க்கும் நடந்த பூசல்கள் அந்நிலையத்தின் அன்றாட நிகழ்ச்சி, ஒலிபரப்பாகாத நிகழ்ச்சி. பின்னர் அஷ்க் எழுதிய நினைவுக் குறிப்புக்குத் தலைப்பே 'மண்ட்டோ, என் பகைவன்'.

இதன் முடிவு நகைச்சுவையன்று. மண்ட்டோவின் நாடகம் ஒன்றில் அவர் இசைவின்றித் திருத்தம் செய்யப்பட்டது. தம் எழுத்தில் ஒரு சொல்லை மாற்றவும் ஒப்பாத அவர், 1942-இல் பணியை விட்டுப் பம்பாய்க்குச் சென்றுவிட்டார். திருத்தியவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கலாம். கடிகாரமும் தணிக்கையும் அவரையும் நெருக்கியிருக்கும். ஆயினும் அந்நாளைய வானொலிக்கு எழுத்தாளரை அழைக்கத் தெரிந்த அளவு வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்றே தோன்றுகிறது. தமிழ் நிலையங்கள் இவ்வகையில் பேறுபெற்றவை. சிட்டி, மீ.ப.சோமு, சுகி சுப்பிரமணியன், பின்னாளில் தி.ஜானகிராமன் என எழுத்தாளர் பலர் அங்கே நெடுங்காலம் நிலைத்தனர்.

முப்பது வாட் நிலையம்

நீலகிரிக்கு அப்பால், கூடலூர் வழியாக இறங்கினால் மைசூர். அங்கே மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம்.வி.கோபாலசாமி, 1935 செப்டம்பர் 10 அன்று தம் வீட்டிலேயே ஒரு வானொலி நிலையம் தொடங்கினார். அதன் ஆற்றல் முப்பது வாட். படிக்கும் விளக்கு ஒன்றின் அளவுதான். அவ்வளவு சிறிய குரலுக்கு நா.கஸ்தூரி வைத்த பெயரோ 'ஆகாசவாணி'! கஸ்தூரி வரலாற்று ஆசிரியர். கன்னடத்தில் புகழ்பெற்ற நகைச்சுவையாளர். சொற்களுக்கு விபரீதப் பொருள் சொல்லும் 'அனர்த்தகோசம்' என்ற அகராதியே எழுதியவர். போர்க்காலம் முழுவதும் உயிரோடிருந்த அந்நிலையம் ஒரு வீட்டுப் பிள்ளையாகப் பிறந்து, 1942-இல் பொறுப்பு மாறி, இறுதியில் அகில இந்திய வானொலியிடம் சேர்ந்தது. கஸ்தூரி வைத்த பெயரையே பின்னர் நடுவண் அரசு தன் வானொலி முழுமைக்கும் எடுத்துக்கொண்டது. தமிழ் கேட்போர் நாவில் மட்டும் 'வானொலி' என்ற சொல்லே நிலைபெற்றது. நம் துறையினர்க்கு அதில் ஒரு சிறு பெருமை இருக்கலாம்.

மலைச்சரிவில் வந்த ஒலி

மத்திய அலை நிலத்தைத் தழுவிச் செல்வது. மலை குறுக்கிட்டால் மெலியும். இரவில் மேல்வானத்து மின்னடுக்கில் பட்டுத் திரும்பும்போது தொலைவிலும் கேட்கும். சிற்றலை அவ்வாறு எதிரொளித்தே ஆயிரக்கணக்கான மைல் செல்வது. ஆகவே மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே, சுற்றிலும் மலைச்சுவர் எழுந்த பர்லியார் போன்ற ஊரில் பக்கத்துத் திருச்சியைப் பகலில் பிடிப்பதைவிட, இலண்டனையும் டோக்கியோவையும் பிடிப்பது எளிதாயிருந்தால் வியப்பில்லை. 1944 முதல் கொழும்பிலிருந்து நேச நாட்டுப் படையினர்க்கான சீயாக் வானொலியும் வந்தது. பிற்காலத்தில் தமிழர் மயங்கிக் கேட்ட இலங்கை வானொலிக்கு உரம் கொடுத்தது அந்நிலையத்தின் கருவிகளே.

மின்சாரம் எட்டாத இடங்களில் பெட்டி பாட்டரியில் ஓடும். அமிலப் பாட்டரியைச் சுமந்துசென்று மின்னேற்றி வரவேண்டும் என்பதால் பாட்டுக்கு அதனைச் செலவிடமாட்டார்கள், செய்திக்கு மட்டுமே. வான்கம்பியை இரு மரங்களுக்கிடையே கட்டுவர். மண்ணில் புதைத்த கம்பியின்மேல் ஒரு செம்பு நீர் ஊற்றினால் ஒலி தெளியும்.

என் பாட்டனார் பர்லியாரில் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதியவர். முதலாளியின் வீட்டுத் திண்ணையில் மாலைச் செய்திக்குக் கூடியவர்களுள் தாமும் ஒருவர் என்று அவர் கூறியதாக வீட்டில் சொல்வார்கள். பினாங்கில் தம்பியைக் கடை வேலைக்கு விட்டிருந்த ஒருவரும் நாள்தோறும் வருவாராம். 1941 டிசம்பரில் பினாங்கில் குண்டு விழுந்த செய்தி வந்த மாலையில், அறிவிப்பாளர் அவ்வூர்ப் பெயரைச் சொல்லிய அளவில் ஒலி அறுந்துவிட்டது. தணிக்கையும் அன்று, ஜப்பானும் அன்று. பலாமரத்துக் குரங்குகள் வான்கம்பியில் ஊஞ்சலாடி அதனை அறுத்துவிட்டன. கூடியிருந்தவர் சிலர் தம்மை மறந்து சிரித்துவிட்டு, அவர் முகத்தைக் கண்டதும் அடங்கினர். விடியுமுன் அவர் செய்தித்தாள் வாங்கக் குன்னூருக்கு மலையேறி நடந்தார். தம்பியின் கடிதம் போர் முடிந்த பிறகே வந்தது. கம்பியைப் பலாவிலிருந்து அவிழ்த்துச் சவுக்குமரத்தில் உயரக் கட்டினார்களாம். குரங்குகள் அங்கும் வந்தன.